மஹிந்திரா தாருக்கு 285 டயர் போடலாமா? மலையோரச் செம்மண்ணும் கடற்கரை மணலும்

மே 9, இரவு (குலசேகரம்)

வண்டி புது மாடல் தார், டீசல், இரும்பு ரிம், டயர் 245/75 ஆர்16. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு ஏறி இறங்க வேண்டும். மழை விழுந்தால் செம்மண் ஏற்றத்தில் சக்கரம் சும்மா சுற்றுகிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்குவதற்குள் 285/75 ஆர்16, எம்.டி. (சேற்றுக்கான மட் டெர்ரெய்ன்) பட்டன் டயர் மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் தொகுப்பு) போடும் எண்ணம் இல்லை. டயர் பெரிதானால் சேற்றில் சிக்காது, அடியும் தட்டாது என்கிறார்கள். சரிதானா அண்ணாச்சி?

மே 9, இரவு (நாகர்கோவில்)

285 வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள்.

245/75 ஆர்16 என்பதில் 245 அகலம் (மி.மீ.), 75 விகிதம் (சதவீதம்), 16 ரிம் விட்டம் (அங்குலம்). அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் பக்கச்சுவரின் உயரம் வரும். அதை இரட்டித்து, ரிம் விட்டத்தைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம். 16 அங்குல ரிம் 406.4 மி.மீ. இப்போதுள்ள 245/75க்கு 774 மி.மீ. வருகிறது. 265/75க்கு 804. நீங்கள் கேட்கிற 285/75க்கு 834. அதாவது விட்டத்தில் 60 மி.மீ., கிட்டத்தட்ட 7.8 சதவீதம் கூடுகிறது. லிஃப்ட் இல்லாமல் இவ்வளவு பெரிய டயர் ஸ்டீயரிங் ஃபுல் லாக்கில் (கடைசிவரை திருப்பும்போது) பம்பர் ஓரத்திலோ மட்கார்டு உள்உறையிலோ உரசாமல் போகாது.

265/75 வரைக்கும் யோசிக்கலாம். அடி உயரமும் 30 மி.மீ. கூடும்.

மே 10, காலை (நாகர்கோவில்)

நேற்று எழுதியதில் கடைசி வரி தப்பு. விட்டம் 30 மி.மீ. கூடினால் அடி உயரம் அதில் பாதிதான் கூடும், 15 மி.மீ. அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. கூடுகிற விட்டத்தில் பாதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது. 285 போட்டாலும் 30 மி.மீ.தான். மழையில் தோட்டத்துப் பாதையில் விழுகிற சக்கரத் தடம் ஒரு சாண் ஆழம் இருக்கும். அதற்கு முன்னால் 15 மி.மீ. எந்த மூலைக்கு?

ஒன்று மட்டும் உண்மை. பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியலை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். லிஃப்ட் கிட் பாடியையும் சேஸிஸையும் தூக்கும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்காக அதை நம்பித் தடத்துக்குள் சக்கரத்தை இறக்கக் கூடாது. ஒரு பக்கச் சக்கரம் நடு மேட்டிலும், மறுபக்கம் தடத்துக்கு வெளியேயும் போகிறபடி ஓட்டினால் 245ஏ போதும்.

மே 10, மதியம் (மார்த்தாண்டம்)

ரிம் அகலத்தை யாரும் சொல்லவில்லையே. ரிம்மின் உள்பக்கம் 7ஜே, 8ஜே என்று அங்குலத்தில் பொறித்திருக்கும். 265/75 ஆர்16 எல்.டி. (லைட் டிரக், கனமான வகை) டயருக்கு 7 முதல் 8 வரை சரி. 285/75 ஆர்16க்கு 7.5இலிருந்துதான் தொடக்கம். 7ஜே ரிம்மில் 285ஐ ஏற்றினால் பீடு (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) உள்ளே ஒடுங்கி, நடுப்பட்டன் மட்டும் தரையில் படும். காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடவும் வாய்ப்பு அதிகம். கடையில் "ஏறிடும்" என்று சொல்வார்கள். ஏறுவது வேறு, பொருந்துவது வேறு.

மே 10, இரவு (நாகர்கோவில்)

மார்த்தாண்டத்துக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது அது.

ரிம்மையும் மாற்றலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய ரிம் 7ஜே, ஆஃப்செட் (ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் மி.மீ.) 20 என்று வையுங்கள். புதியது 8ஜே, ஆஃப்செட் 0. ஒரு அங்குல அகலம் இரண்டு பக்கமும் பிரியும்போது பக்கத்துக்கு 12.7 மி.மீ.; ஆஃப்செட் குறைந்ததால் 20 மி.மீ. வெளியே தள்ளும். ஆக வெளி ஓரம் 32.7 மி.மீ. வெளியே வரும், உள் ஓரம் 7.3 மி.மீ. சஸ்பென்ஷனை விட்டு விலகும். உள்ளே உரசல் நிற்கும். வெளியே ஸ்டீயரிங் திருப்பும்போது டயர் வரைகிற வட்டம் பெரிதாகி பம்பரில் உரசும். வீல் பேரிங்கில் நெம்பு கூடும், மட்கார்டைத் தாண்டிச் சேறு கதவு முழுக்க அடிக்கும். ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் வட்டு) போட்டாலும் இதே கதைதான். கூடவே ஒரு இணைப்பு கூடுவதால் நட்டு தளர்வதற்கு இன்னொரு இடம்.

மே 11 (நாகர்கோவில்)

மண்ணைப் பற்றி எழுதாமல் டயரைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரைமணி நேர ஓட்டத்துக்குள் மூன்று விதத் தரை வருகிறது. மூன்றுக்கும் ஒரே டயர் ஒரே மாதிரி வேலை செய்யாது.

குலசேகரம், அருமனை, கீரிப்பாறை, கோதையாறு வட்டாரம் செம்மண். மேலே இரண்டு மூன்று விரற்கடை வழுக்கல், அதற்குக் கீழே கெட்டித் தரை. இங்கே வேண்டியது அந்த வழுக்கலை வெட்டிக்கொண்டு கீழே கெட்டியைப் பிடிக்கிற டயர். அகலம் குறைந்தால் ஒரு சதுர செ.மீ.க்கு விழும் பாரம் கூடும், வெட்டிக்கொண்டு இறங்கும். அகலமான 285 மேலேயே மிதந்து வழுக்கும். ஆகவே உங்கள் ஏற்றத்தில் 245 சுற்றுவதற்குக் காரணம் அளவு அல்ல, பட்டன்தான். சாதாரண ரோட்டு டயரின் பள்ளங்களில் செம்மண் அப்பிக்கொண்டால் அது மொட்டை டயருக்குச் சமம்.

கடற்கரை மணலில் நேர் எதிர். அங்கே வெட்டிக்கொண்டு இறங்கினால் புதைந்தோம். மிதக்க வேண்டும், அதற்குத் தரையில் படும் பரப்பு பெரிதாக வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வயல் களிமண் மூன்றாவது. அடியில் கெட்டியே கிடையாது. எந்த டயர் போட்டாலும் இறங்காதீர்கள்.

மே 11, இரவு (நாகர்கோவில்)

இன்று காலை எழுதியதையே திரும்பப் படித்தபோது 265க்குச் சொன்ன சம்மதத்தையும் திரும்பப் பெற வேண்டும் என்று படுகிறது. தோட்டப் பாதைக்கு என் தீர்ப்பு: அதே 245/75 ஆர்16, ஆனால் ஏ.டி. (எல்லாத் தரைக்குமான ஆல் டெர்ரெய்ன்) பட்டன், ஸ்டெப்னியோடு ஐந்து டயர். உரசல் இல்லை, மீட்டர் மாறாது, ரிம் மாறாது, ஆர்.சி. புத்தகத்தோடும் தகராறு இல்லை.

மே 12 (குலசேகரம்)

ஏ.டி. போதுமா? எம்.டி.தானே சேற்றுக்கு?

மே 12, இரவு (நாகர்கோவில்)

எம்.டி.யின் பெரிய பள்ளம் சேற்றை வீசி எறிவதற்குச் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். ரப்பர் தோட்டத்தில் அப்படிச் சுற்றவிட இடமில்லை. ஒரு பக்கம் மேடை வெட்டின ஓரம், மறுபக்கம் மரம். அங்கே மெதுவாகப் பிடித்து ஏறுவதுதான் வழி: நான்கு சக்கரம் லோ, இரண்டாம் கியர், ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும். பாதியில் நின்றுவிட்டால் திருப்பப் பார்க்காமல் ரிவர்ஸ் கியரில் நேர் பின்னால் இறங்குங்கள். கிளட்சை மிதித்து உருளவிடாதீர்கள்.

இன்னொன்று, வண்டி தோட்டத்தில் மட்டும் ஓடுவதில்லை. மழையில் தக்கலை, மார்த்தாண்டம் தார் ரோட்டில்தான் அதிக நேரம். எம்.டி. பட்டனில் மெல்லிய கீற்று வெட்டுகள் குறைவு. ஈரத் தார் ரோட்டில் பிரேக் தூரம் கூடும், வளைவில் பின்பக்கம் நழுவும். ஏ.டி.யில் அந்தக் கீற்றுகள் இருக்கின்றன. இரைச்சலும் குறைவு.

பக்கச்சுவரையும் கேட்டு வாங்குங்கள். ரப்பர் மரம் வெட்டின குற்றி பக்கச்சுவரைத்தான் கிழிக்கும், பட்டனை அல்ல. பக்கச்சுவரில் விழுந்த கிழிசலுக்கு பஞ்சர் பிளக் போடக் கூடாது, அந்த டயர் அத்தோடு முடிந்தது. பட்டன் தேய்ந்து 1.6 மி.மீ. வரை வைத்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது. செம்மண் ஏற்றத்துக்கு 5 மி.மீ.க்குக் கீழே போனாலே பிடிப்பு போய்விடும்.

ரீபட்டன் போட்ட டயரை முன்சக்கரத்தில் மாட்டி மலைப்பாதையில் இறங்க வேண்டாம்.

மே 14 (குளச்சல்)

மாருதி ஜிம்னிக்கு என்ன அளவு? 195/80 ஆர்15 வருகிறது. 235/75 ஆர்15 போட்டவர்களைப் பார்க்கிறேன். எனக்கு மணலில் படகு இறக்கும் இடம் வரை போக வேண்டும்.

மே 14, இரவு (நாகர்கோவில்)

195/80 ஆர்15 விட்டம் 693 மி.மீ. 215/75 என்றால் 703.5. 235/75 என்றால் 733.5, அதாவது 5.8 சதவீதம் கூடுதல். ஜிம்னி ரிம் 5.5ஜே. 215/75க்கு 5.5 போதும். 235/75க்குக் குறைந்தது 6 வேண்டும். அதனால் கம்பெனி ரிம்மில் 235 சரியல்ல. போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பது அது சரி என்பதற்குச் சான்று ஆகாது. மேலும் அது சின்ன எஞ்சின், விட்டம் 5.8 சதவீதம் கூடினால் தரையில் இழுக்கும் விசை ஐந்தரை சதவீதம் குறையும். மணலில் அது நன்றாகவே தெரியும்.

மணலுக்கு டயரை விடக் காற்றுதான் முக்கியம். தார் வண்டியை வைத்துச் சொல்கிறேன், கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். ஒரு சக்கரத்தில் 450 கிலோ விழுகிறது என்றால், 30 பி.எஸ்.ஐ.யில் தரையில் படும் பரப்பு சுமார் 213 சதுர செ.மீ. 18 பி.எஸ்.ஐ.யில் சுமார் 356. பக்கச்சுவரின் விறைப்பால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும், என்றாலும் எந்தப் பெரிய டயரும் இந்த அளவு பரப்பைக் கொடுக்காது. அதுவும் அகலத்தில் அல்ல, நீளத்தில் கூடுகிறது. சங்கிலி வண்டி போல நீளமாகப் படிவதால்தான் மணலில் ஏறி நிற்கிறது.

மணலில் 16 முதல் 18. சாதாரண ரிம்மில் 15க்குக் கீழே போகாதீர்கள். திருப்பும்போது பீடு கழன்று மணல் உள்ளே போய்விடும். 30 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம். நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல் உருண்டு நிற்கவிடுங்கள். பிரேக் பிடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து அதுவே அணை ஆகிவிடும். தார் ரோட்டில் ஏறும் முன் காற்றை நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு ரோட்டில் ஓடினால் பக்கச்சுவர் சூடேறி உள்ளே நூல் பிரியும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே வாங்க வேண்டிய வரிசை: நல்ல காற்று மானி, பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசர், அப்புறம் டயர்.

மே 15, காலை (நாகர்கோவில்)

குளச்சல்காரருக்கு விட்டுப்போனது. மணலில் இருந்து வந்த அன்றே ரிம்மின் உள்பக்கம், பிரேக், வீல் நட்டு எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு பீடு உட்காரும் இடத்தில் அலாயை அரித்தால் பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றி, அந்த வளையத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்து பீடு சீலர் பூசினால் நிற்கும்.

கடற்கரையில் படகு இறக்கப் போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கடலாமை முட்டையிட ஏறும் மணல் அது. மலைப்பக்கம் வனத்துறை எல்லைக்குள் அனுமதி இல்லாமல் போவதும் அப்படித்தான். நான்கு சக்கர இழுவை இருப்பது அனுமதிச் சீட்டு அல்ல.

மே 17 (மார்த்தாண்டம்)

சட்டம்? அடிக்கடி களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறவன் நான்.

மே 17, இரவு (நாகர்கோவில்)

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4): அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிரிவு 52ஐக் கண்டிப்பாகப் படித்துத் தீர்ப்பு சொன்னதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். டிஎன் 74, டிஎன் 75 வண்டி எல்லை தாண்டும்போது மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம்தான் முதலில் கண்ணில் படும்.

கையேட்டில் அதே மாடலுக்குக் கம்பெனி கொடுத்திருக்கிற அளவுக்குள் இருங்கள். அதைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு பேசினால் கேட்க ஆள் இல்லை.

மே 19 (குலசேகரம்)

245 ஏ.டி. என்று முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் தம்பி வண்டிக்கு 265 போடுவேன் என்று நிற்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

மே 19, இரவு (நாகர்கோவில்)

முதலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நான்கு டயரும் வாங்கும் முன் ஒரே ஒரு டயரை ஒரு ரிம்மில் ஏற்றி முன்பக்கம் மாட்ட வேண்டும். சமதளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஸ்டீயரிங் திருப்பி, பம்பர் ஓரம், உள்உறை, மட்ஃபிளாப், உள்ளே கண்ட்ரோல் ஆர்ம், ஸ்டெபிலைசர் கம்பி, சேஸிஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் விரல் விட்டுப் பார்க்கணும். பிறகு அந்த முன்சக்கரத்தையும் எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் ஓர் அடி உயரக் கட்டைமேல் ஏற்றி அதையே திரும்பச் செய்யணும். சந்தேகமான இடத்தில் ஈரக் களிமண் உருண்டை ஒட்டிவைத்தால், எவ்வளவு நசுங்கியதோ அதுதான் மிச்ச இடைவெளி. ரிவர்ஸில் ஃபுல் லாக் மறக்கக் கூடாது. முன்னால் போகும்போது பம்பரிலும், பின்னால் போகும்போது மட்ஃபிளாப்பிலும் உரசும்.

பிளாஸ்டிக் உறையை ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே அழுத்தலாம், மட்ஃபிளாப்பை வெட்டலாம். தகட்டை வெட்டினால் அன்றே பிரைமர் அடிக்கணும், உப்புக் காற்று ஒரு மழைக்குள் தின்றுவிடும்.

இனி 265இன் விளைவுகள். விட்டம் 3.9 சதவீதம் கூடுவதால் மீட்டர் 80 காட்டும்போது டயர் ஓடுவது 83. நூறு கி.மீ. ஓடினால் மீட்டரில் 96தான் ஏறும். "மைலேஜ் விழுந்துவிட்டது" என்கிறவர்கள் முதலில் ஓடிய தூரத்தை 1.039ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். பாதிக் குறை அங்கேயே தீரும். மீதிக் குறை உண்மையானது: எல்.டி. டயர் ஒன்றுக்கு நான்கைந்து கிலோ பாரம் கூடும், அந்தப் பாரம் சக்கரத்தின் வெளிவட்டத்தில் சுற்றுகிறது. அதைச் சுற்றவும் எஞ்சினுக்கு வேலை, நிறுத்தவும் பிரேக்குக்கு வேலை. கோதையாற்றிலிருந்து இறங்கும்போது வழக்கத்தைவிட ஒரு கியர் குறைத்துத்தான் இறங்க வேண்டியிருக்கும்.

ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்கணும். நான்கு சக்கரத்தில் போகும்போது ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கும். டிரான்ஸ்பர் கேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி) அடிவாங்கும். பின்கதவில் தொங்கும் பெரிய ஸ்டெப்னியின் பாரம் கீலில் இறங்கும். மாட்டின பிறகு கதவு கீழே தொய்கிறதா, பூட்டு நேராக விழுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கணும்.

மே 20 (நாகர்கோவில்)

எல்.டி. டயருக்குக் காற்று எவ்வளவு என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவு கம்பெனி டயருக்கு. எல்.டி. டயருக்கு அதே பாரத்தைத் தாங்கச் சற்றுக் கூடுதல் வேண்டும். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் 50, 80 என்பது அதிகபட்சம். அதை நிரப்பினால் மாட்டு வண்டிபோல் குதிக்கும். ஸ்டிக்கர் அளவுக்கு மூன்று நான்கு கூட்டி, பட்டன்மேல் குறுக்காகச் சாக்பீஸால் கோடு போட்டு, நேர் ரோட்டில் நூறு மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூடுதல், ஒன்றிரண்டு குறையுங்கள். ஓரங்களில் மட்டும் அழிந்தால் ஏற்றுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது மானி பிடிக்கணும்.

லோடு இண்டெக்ஸ் எண்ணும் பாருங்கள்: 104 என்றால் 900 கிலோ, 112 என்றால் 1,120. பழைய டயரின் எண்ணுக்குக் குறையக் கூடாது.

மே 24 (நாகர்கோவில்)

குலசேகரத்துக்காரர் நாளைக்கு டயர் மாட்டுகிறார். கடையில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 0825 என்றால் 2025இன் எட்டாவது வாரம். ஐந்து டயரிலும் பாருங்கள், ஒன்று மட்டும் பழசாகச் செருகிவிடாதபடி. டியூப்லெஸ் வால்வு ஐந்தும் புதிது போடச் சொல்லுங்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வரணும். டயரின் பாரம் குறைந்த இடம் அது, பேலன்ஸ் பண்ண ஈயம் குறையும். ஈயம் மிக அதிகம் கேட்டால் டயரை ரிம்மில் அரை வட்டம் திருப்பி மறுபடி பார்க்கச் சொல்லலாம், தயங்க வேண்டாம்.

ஹப் முகத்தில் பழைய துருவையும் மண்ணையும் தேய்த்துவிட்டுத்தான் ரிம்மை உட்கார வைக்கணும். நட்டைக் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில், கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், கையேட்டில் உள்ள அளவுக்கு. ஏர் கன்னால் கடைசிவரை அடித்தால் போல்ட் இழுபடும், அப்புறம் காட்டுப்பாதையில் பஞ்சரானால் வீல் ஸ்பேனருக்கு அசையாது.

மே 24, இரவு (குலசேகரம்)

அலைன்மென்ட் தேவையா? அளவு மாறவில்லையே.

மே 24, இரவு (நாகர்கோவில்)

அளவு மாறாவிட்டாலும் பாருங்கள். பழைய டயரின் தேய்மானம் ஓரத்தில் இருந்தால் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) தப்பியிருக்கும், புது டயரும் அதே வழியில் போகும். டயர்களை இடம் மாற்றும் சுழற்சி எட்டாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை, ஸ்டெப்னியையும் சேர்த்து: பின் இரண்டும் நேரே முன்னுக்கு, முன் வலது குறுக்காகப் பின் இடது பக்கத்துக்கு, முன் இடது ஸ்டெப்னிக்கு, ஸ்டெப்னி பின் வலத்துக்கு. அம்புக்குறி போட்ட டயர் என்றால் குறுக்கே மாற்றக் கூடாது.

நூறு கி.மீ. ஓடினதும் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். புது டயரின் மேல் மினுமினுப்பு போகும்வரை, முதல் இருநூறு முந்நூறு கி.மீ., மழையில் வளைவுகளில் அவசரம் வேண்டாம். தோட்டத்து ஏற்றத்துக்குக் காற்றை 24 பி.எஸ்.ஐ.யிலிருந்து தொடங்குங்கள்; பிடிக்கவில்லை என்றால் 20 வரை இறக்கலாம்.